எட்டு கோர் இருந்தும் ஏன் இந்த ஆமை வேகம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் இருந்த கணினியில் ஒரே ஒரு கோர்தான் இருந்திருக்கும் என்கிறான் என் மகன். ஆனால் அதில் பாட்டுக் கேட்டுக்கொண்டே கடிதம் தட்டச்சு செய்திருக்கிறேன். கூடவே பிரின்டரில் அச்சும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கோர் எப்படி மூன்று வேலைகளைச் செய்தது?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தஞ்சாவூர்

பதில்: மகன் சொல்வதும் சரி, நீங்கள் கண்டதும் சரி. நிரலில் உள்ள கட்டளைகளை எடுத்து, பொருள் பிரித்து, நிறைவேற்றும் பகுதிக்குத்தான் கோர் என்று பெயர். அந்தக் காலத்து ஒற்றைக் கோர் எந்தக் கணத்திலும் ஏதேனும் ஒரு நிரலுக்குத்தான் உழைத்தது. ஆனால் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் அந்தக் கோரின் நேரத்தைச் சில மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, பாட்டுக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

ஒரு கிராண்ட்மாஸ்டர் முப்பது பேருடன் ஒரே வேளையில் செஸ் ஆடும் காட்சி ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பலகையின் முன் நின்று காயை நகர்த்திவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விடுவார். முதல் ஆட்டக்காரர் யோசித்து முடிப்பதற்குள் ஒரு சுற்று வந்துவிடுவார். முப்பது ஆட்டங்களின் நிலையையும் அவர் மனத்தில் சுமக்க வேண்டியதில்லை, அது அந்தந்தப் பலகையிலேயே இருக்கிறது. கோரும் ஒரு நிரலை விட்டு விலகும்போது, தன் பதிவகங்களில் (கோருக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடங்களில்) இருக்கும் எண்களையும் அடுத்து நிறைவேற்ற வேண்டிய கட்டளையின் முகவரியையும் நினைவகத்தில் வைத்துவிட்டுப் போகிறது. திரும்பி வரும்போது அவற்றை எடுத்து ஏற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இந்த மாற்றத்துக்குச் சில மைக்ரோவினாடிகள் போதும். விரைவாகத் தட்டச்சு செய்பவருக்கும் இரண்டு எழுத்துகளுக்கு இடையே சுமார் 150 மில்லிவினாடி ஆகும்; வினாடிக்கு 100 கோடி முறை துடிக்கும் 1 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு (கோர் அமைந்துள்ள சில்லுக்கு) அதற்குள் 15 கோடித் துடிப்புகள் கடந்துவிடுகின்றன. கடிதம் எழுதும் மென்பொருள் பெரும்பாலும் உங்கள் விரலுக்காகக் காத்துக் கிடந்தது என்பதே உண்மை.

இந்த முறை புதிதன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் 1961ஆம் ஆண்டிலேயே ஒரு பெரிய கணினியின் நேரத்தைப் பல பயனர்களுக்குப் பகிர்ந்தளித்துக் காட்டினார்கள். ஆனால் வீட்டுக் கணினிகளில் இது ஒழுங்காக வந்து சேர வெகு காலம் ஆயிற்று. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் தானாக மனம்வைத்துக் கோரை விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு வாய்ப்பு. ஒன்று முரண்டு பிடித்தால் திரை முழுவதும் உறைந்துவிடும். விண்டோஸ் 95இல், குறைந்தபட்சம் புதிய வகை மென்பொருள்களுக்காவது, குறித்த இடைவெளியில் கோரைத் தட்டி நிறுத்தும் கடிகாரக் குறுக்கீட்டின் துணையோடு இயங்குதளமே கோரைப் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுக்கும் முறை வந்தது.

கேள்வி: எல்லா வேலைகளும் ஒரே சமயத்தில் கோரைக் கேட்டால், யாருக்கு முதலில் என்று எப்படி முடிவாகிறது?
– பொறியியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. இயங்குதளத்தில் உள்ள திட்டமிடும் பகுதி அதையும், அந்தப் பணி எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது, இதுவரை எவ்வளவு நேரத்தைப் பயன்படுத்தியிருக்கிறது என்பனவற்றையும் பார்த்து முடிவு செய்கிறது. முன்னுரிமையின் அருமை தெரிய வேண்டுமானால் 1969 ஜூலை 20ஆம் தேதியைப் பார்க்கலாம். அப்பல்லோ 11 கலம் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது அதன் கணினி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது. ஒரே ஒரு பிராசஸர். எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் வெறும் 2048 சொற்கள் (ஒரு சொல் என்பது ஒரு எண்ணோ கட்டளையோ அடங்கும் இடம்). அப்போது தேவைப்படாத ஒரு ரேடாரிலிருந்து வந்துகொண்டிருந்த சமிக்ஞைகள் கணினியின் நேரத்தைத் தின்றதால், முடிக்க முடியாத வேலைகள் குவிந்துவிட்டன. அந்த மென்பொருள் நின்றுபோகவில்லை. தன்னைத்தானே மறுதொடக்கம் செய்து, முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டு, கலத்தைச் செலுத்தும் கணக்கை மட்டும் விடாமல் தொடர்ந்தது. இன்று எட்டு கோர் கொண்ட கைபேசி ஒரு விளம்பரம் வந்ததும் திணறுவதைப் பார்க்கும்போது, அந்தக் கட்டுப்பாட்டின் மீது எனக்கு மதிப்பு கூடத்தான் செய்கிறது.

கேள்வி: ஒரு கோரின் வேகத்தையே கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே, ஏன் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்?
– இயற்பியல் ஆசிரியர், கும்பகோணம்

பதில்: முடிந்தவரை அப்படித்தான் போனார்கள். 2000ஆம் ஆண்டு இறுதியில் 1.5 கிகாஹெர்ட்ஸில் வந்த பென்டியம் 4, 2004இல் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அடுத்து வருவதாக இருந்த 4 கிகாஹெர்ட்ஸ் வகையை இன்டெல் அந்த ஆண்டு அக்டோபரில் கைவிட்டது. முட்டுக்கட்டையாக நின்றது வெப்பம்.

நீங்கள் இயற்பியல் ஆசிரியர் என்பதால் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். கசிவு மின்சாரத்தை (டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் ஒழுகும் மின்சாரத்தை) ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சில்லு செலவழிக்கும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடியையும் கடிகார அதிர்வெண்ணையும் சார்ந்தது. அதிர்வெண்ணைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். ஆகவே வேகத்தில் சிறு ஏற்றமும் வெப்பத்தில் பெரிய ஏற்றமாக முடிகிறது. இதையே திருப்பிப் போடுங்கள். அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் 15 சதவீதம் குறைத்தால், மின்திறன் 0.85இன் மும்மடியாக, அதாவது ஏறத்தாழ 0.61 ஆகக் குறைகிறது. அப்படிப்பட்ட இரண்டு கோர்களை ஒரே சில்லில் வைத்தால் மொத்தச் செலவு 1.23 மடங்கு, கிடைக்கும் உழைப்போ 1.7 மடங்கு. டிரான்சிஸ்டர்கள் சிறுக்கச் சிறுக்க மின்னழுத்தமும் அதே விகிதத்தில் குறையும் என்று ஐ.பி.எம். பொறியாளர் ராபர்ட் டெனார்டு 1974இல் காட்டிய வழி அதுவரை கைகொடுத்தது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் கசிவு மின்சாரம் அந்த வழியை அடைத்துவிட்டது. ஐ.பி.எம். 2001இலேயே பவர்4 என்ற சில்லில் இரண்டு கோர்களை வைத்திருந்தது. 2005இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் வீட்டுக் கணினிகளுக்கு இரட்டைக் கோர் பிராசஸர்களைக் கொண்டுவந்தன.

கேள்வி: எங்கள் கணக்கு அலுவலகத்துக்கு எட்டு கோர் கணினி வாங்கினோம். ஆண்டுக் கணக்கை ஒட்டுமொத்தமாக மறுகணக்கிடச் சொன்னால் பல நிமிடங்கள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சி.பி.யூ. பயன்பாடு 13 சதவீதத்தைத் தாண்டவில்லை. மீதி 87 சதவீதம் எங்கே போயிற்று?
– கணக்காளர், சிவகாசி

பதில்: 100ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள்: 12.5. உங்கள் மென்பொருள் ஒரே ஒரு கோரை முழுமூச்சாகப் பயன்படுத்துகிறது, மற்ற ஏழும் ஏறக்குறையச் சும்மா இருக்கின்றன. டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில் உள்ள வரைபடத்தை வலது கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசஸர் வாரியாகக் காட்டும்படி மாற்றினால் எட்டுக் கட்டங்களும் தனித்தனியே தெரியும். அப்போதும் ஒரு கட்டம் மட்டும் உச்சியில் நிற்பதைப் பார்க்க முடியாமல் போகலாம். விண்டோஸ் அந்த ஒரு வேலையையே ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு அவ்வப்போது மாற்றிவிடுவதால், எட்டிலும் சிறு சிறு மேடுகளாகத் தெரியும். இதைப் பார்த்து ‘எல்லாக் கோர்களும் கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்கின்றன’ என்று பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிட்டுத் தருவது பிராசஸர் தானாகச் செய்துவிடும் காரியமன்று. மென்பொருளை எழுதியவர் அதைத் தனித்தனி இழைகளாக (திரெட், அதாவது தனியே ஓடக்கூடிய கட்டளை வரிசை) பிரித்து எழுதியிருக்க வேண்டும். ஏப்ரல் மாத இறுதி இருப்பு தெரிந்தால்தான் மே மாதத் தொடக்க இருப்பை எழுத முடியும் என்ற வகையில் ஒன்றின் விடை அடுத்ததற்குத் தேவைப்படும் கணக்குகளை, எழுதியவர் நினைத்தாலும் எளிதில் பிரிக்க இயலாது. ஒளிப்படங்களைச் சுருக்குவதும் வீடியோவை மாற்றுவதும் அப்படியல்ல; துண்டு துண்டாகப் பங்கிடலாம்.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்திலிருந்து பிறந்த விதி இந்த வரம்பை அளந்து காட்டுகிறது. ஒரு வேலையில் 80 சதவீதத்தைப் பிரிக்கலாம், 20 சதவீதத்தைப் பிரிக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கோர்கள் இருந்தால் வேகம் 2.5 மடங்கு, எட்டு இருந்தால் 3.3 மடங்கு. ஆயிரம் கோர்களைக் கொண்டுவந்து கொட்டினாலும் 5 மடங்கை எட்டாது, ஏனென்றால் பிரிக்க முடியாத அந்த ஐந்தில் ஒரு பங்கு ஒற்றைக் கோரில்தான் ஓடியாக வேண்டும். உங்கள் பணிக்கு எட்டு கோரைவிட, ஒரு கோரின் தனி வேகம் அதிகமாக உள்ள ஆறு கோர் பிராசஸரே பொருத்தமாக இருந்திருக்கும். இதைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

கேள்வி: ‘4 கோர், 8 திரெட்’ என்று போட்டிருக்கிறார்களே, அது எட்டு கோருக்குச் சமமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. ஒரு கோர் நினைவகத்திலிருந்து தரவு வருவதற்காகக் காத்திருக்கும் வேளையில் அதன் உறுப்புகள் வீணாகின்றன. அந்த இடைவெளியில் இரண்டாவது இழையின் கட்டளைகளைப் புகுத்தும் ஏற்பாடுதான் இது. இன்டெல் 2002இல் இதை ஹைப்பர் திரெடிங் என்ற பெயரில் கொண்டுவந்தது. இயங்குதளத்தின் கண்ணுக்கு எட்டாகத் தெரியும், ஆனால் கணக்கிடும் உறுப்புகள் நான்கு கோருக்கு உரியவையே. ஏற்ற வேலை அமைந்தால் கால் பங்கு அளவுக்குக் கூடுதல் பலன் கிடைக்கலாம். இரு மடங்கை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: என் கைபேசி ‘ஆக்டா கோர்’. நண்பரின் பழைய ஐபோனில் இரண்டே கோர்தானாம். அதில் ஆப்கள் என்னுடையதைவிட விரைவாகத் திறக்கின்றன. எப்படி?
– கல்லூரி மாணவர், வேலூர்

பதில்: எட்டும் ஒரே தரமானவை என்று நினைத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. 2015இல் வந்த ஐபோன் 6எஸ் இரண்டு கோர்கள் கொண்டது. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரே துடிப்பில் பல கட்டளைகளை முடிக்கவல்ல பெரிய கோர்கள். அதே காலத்தில் விற்பனையான பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில், உதாரணமாக ஸ்னாப்டிராகன் 625 உள்ளவற்றில், எட்டும் கார்டெக்ஸ் ஏ53 என்ற சிறிய, சிக்கனமான கோர்கள். ஆப் திறப்பது போன்ற வேலைகளில் பெரும்பகுதி ஒன்றிரண்டு இழைகளில் நடப்பதால், அங்கே பெரிய கோருக்கே வெற்றி.

பெரியதையும் சிறியதையும் கலந்து வைப்பது ஏ.ஆர்.எம். நிறுவனம் 2011இல் அறிவித்த ஏற்பாடு: விளையாட்டுக்குப் பெரிய கோர், பையில் கிடக்கும்போது செய்திகளைக் கவனித்துக்கொள்ளச் சிறிய கோர், அதனால் பேட்டரிக்கு மிச்சம். 2013இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4இன் ஒரு வகையில் வந்த எக்ஸினோஸ் 5 ஆக்டாவில் பெரியவை நான்கு, சிறியவை நான்கு. ஆனால் ஒரு நேரத்தில் நான்கு மட்டுமே இயங்கும். விளம்பரத்தில் எட்டு என்ற எண்தான் பெரிதாக நின்றது. இன்று மடிக்கணினிகளிலும் இதே கலப்பு வந்துவிட்டது. ஆப்பிள் எம்1 2020இல் நான்கும் நான்குமாக வந்தது, இன்டெல் 2021இல் தன் 12ஆம் தலைமுறையில் பின்தொடர்ந்தது. ஆகவே கோர் எண்ணிக்கையைப் பார்க்கும்போது அதில் பெரியவை எத்தனை என்றும் கேளுங்கள்.

கேள்வி: பிரவுசரில் முப்பது டேப் திறந்தால் கணினி அப்படியே நின்றுவிடுகிறது, ஒரு கிளிக்குக்கு அரை நிமிடம் ஆகிறது. அதிகக் கோர் உள்ள கணினியாக மாற்றலாமா?
– இல்லத்தரசி, புதுச்சேரி

பதில்: அவசரப்பட வேண்டாம். அடுத்த முறை நிற்கும்போது டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ.வை விட்டுவிட்டு, மெமரி, டிஸ்க் என்ற இரண்டு பத்திகளைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், கோர் அங்கே வேலையின்றிக் காத்திருக்கிறது என்று பொருள். ராம் (கணினியின் நினைவகம்) நிறைந்துவிட்டதால், இயங்குதளம் ஒரு டேபின் தரவை டிஸ்குக்கு அனுப்பி, இன்னொன்றை அங்கிருந்து திரும்ப இழுத்து, மறுபடி அதையே அனுப்பி அல்லாடுகிறது. ராமிலிருந்து தரவு வரச் சுமார் 100 நானோவினாடி ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் அது சுமார் 10 மில்லிவினாடி, அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. எத்தனை கோர் வைத்தாலும் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

உங்கள் கணினியில் 4 ஜி.பி. ராம் மட்டும் இருந்து, கூடுதலாகப் பொருத்த இடமும் இருந்தால், முதலில் அதை 8 அல்லது 16 ஆக்குங்கள். ஹார்ட் டிஸ்க் பழைய சுழலும் வகையாக இருந்தால் சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. வகைக்கு மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் புதுக் கணினியின் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். அதன் பிறகும் மெமரி பாதியில் நிற்க, சி.பி.யூ. மட்டும் விடாமல் 100 சதவீதத்தைக் காட்டினால், அப்போது பிராசஸரை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.