மௌஸ் டாங்கியைக் கொடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து மாற்று வரலாற்று ரோல்பிளே விளையாட்டு ஒன்றை ஆடி வருகிறோம். 1944 ஜூலை 20 அன்று வெடித்த குண்டில் ஹிட்லர் இறந்துவிட, போர் 1946 வரை நீள்கிறது என்பது கதை. ஜெர்மன் தரப்பில் ஆடும் நண்பர் பத்து மௌஸ் டாங்கிகளும், மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானங்கள் கொண்ட ஒரு படையணியும் வேண்டும் என்கிறார். இரண்டும் உண்மையில் இருந்தவைதானே என்பது அவர் வாதம். ஆட்டத்தை நடத்தும் நான் என்ன செய்வது? – வாசகர், திருச்சி

பதில்: இருந்தவைதான்; ஆனால் மௌஸில் உருவானவை இரண்டே இரண்டு சோதனை வண்டிகள். தொடர் உற்பத்திக்கான ஆணை 1943 முடிவதற்குள்ளேயே ரத்தாகிவிட்டது. அந்த ராட்சத வண்டியின் மீது ஆசை வைத்திருந்தவர் ஹிட்லர்தான் என்பதை நண்பருக்கு நினைவூட்டுங்கள். உங்கள் கதை அவரைக் கொன்றுவிட்டதால், மௌஸ் தன் புரவலரையே இழந்துவிட்டது. அதையும் மீறிக் கொடுப்பதானால் அதன் 188 டன் எடையையும் சேர்த்தே கொடுங்கள். அந்த எடையை எந்தச் சாதாரணப் பாலமும் தாங்காது என்பதால், ஆற்றின் அடியில் ஊர்ந்து கடக்க வேண்டும் என்று திட்டமிட்டார்கள்: கரையில் நிற்கும் ஒரு மௌஸ் தன் ஜெனரேட்டரிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் அனுப்ப, மற்றொன்று நீருக்குள் இறங்கிப் போகும். பத்து டாங்கிகள் இப்படி ஓர் ஆற்றைக் கடக்க எத்தனை சுற்று ஆகும் என்று பகடையை உருட்டச் சொன்னால், நண்பர் தாமாகவே வேறு வண்டி கேட்பார்.

ஜெட் விமானத்தின் கதை வேறு. மெஸ்ஸர்ஷ்மிட் 262 சுமார் 1,400 தயாரிக்கப்பட்டது. எனவே படையணியை மறுக்க முடியாது. தட்டுப்பாடு எஞ்சினில் இருக்கிறது. நிக்கலும் குரோமியமும் போதிய அளவு கிடைக்காததால், ஜூமோ 004 எஞ்சினின் வெப்பம் தாக்கும் பாகங்கள் சிலவற்றைச் சாதாரண எஃகில் செய்து, மேலே அலுமினியம் பூசினார்கள். விளைவாக, பத்து முதல் இருபத்தைந்து மணி நேரம் பறந்ததும் எஞ்சினைக் கழற்ற வேண்டியிருந்தது. எரிபொருளுக்கும் தட்டுப்பாடுதான்: 1944 மே முதல் ஜெர்மனியின் செயற்கை எரிபொருள் ஆலைகள் மீது குண்டுகள் விழுந்தன. ஆகஸ்ட் இறுதியில் ருமேனியாவின் ப்ளோயெஷ்டி எண்ணெய் வயல்களும் கைவிட்டுப் போயின. ஓடுபாதை வரை ஜெட்டைச் சொந்த எஞ்சினில் செலுத்தினால் எரிபொருள் வீணாகும் என்று, சங்கிலிப் பட்டையில் ஓடும் சிறு மோட்டார் சைக்கிள் வண்டியில் கட்டி இழுத்துச் சென்ற படை அது. 1946 வரை போரை நீட்ட விரும்பினால், முதலில் நிக்கல் எங்கிருந்து வருகிறது, ப்ளோயெஷ்டி யார் கையில் இருக்கிறது என்ற இரண்டையும் கதையில் எழுதிவிட்டு, அதன் பிறகு விமானத்தைக் கொடுங்கள்.

எதிர்த்தரப்பும் 1945 மே மாதத்திலேயே உறைந்து நிற்காது என்பதைப் பல குழுக்கள் மறந்துவிடுகின்றன. பிரிட்டனின் செஞ்சூரியன் சோதனை டாங்கிகள் ஆறு, போர் முடிந்த அதே மாதத்தில் ஐரோப்பாவுக்கு வந்துவிட்டன, சோவியத்தின் ஐ.எஸ்.-3 டாங்கி செப்டம்பர் 7 அன்று பெர்லின் அணிவகுப்பிலேயே ஓடியது. அணுகுண்டைப் பற்றி உங்கள் குழு ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: அதே போன்ற ஆட்டத்தில் சோவியத் வீரனாக ஆடும் எனக்கு 1945இல் ஏ.கே.-47 துப்பாக்கி கிடைக்குமா? – வாசகர், மதுரை

பதில்: கிடைக்காது. பெயரில் உள்ள 47 அதன் ஆண்டு. படையில் முறையாகச் சேர்ந்தது 1949இல். ஆனால் அதன் 7.62 மி.மீ. குறுந்தோட்டா 1943இலேயே உருவாகிவிட்டது. அத்தோட்டாவுக்காக அலெக்ஸி சுடாயேவ் வடிவமைத்த ஏ.எஸ்.-44 துப்பாக்கியைப் படைப்பிரிவுகளிடம் கொடுத்துச் சோதித்தபோது, கனம் அதிகம் என்ற குறை எழுந்தது. எடையைக் குறைக்கும் வேலை முடிவதற்குள், 1946இல் சுடாயேவ் இளவயதிலேயே காலமானார். நான் ஆட்டத்தை நடத்தினால், உங்கள் வீரனுக்கு அந்த ஏ.எஸ்.-44ஐக் கொடுத்து, நடைவேகத்தில் ஒரு புள்ளியைக் கழித்துக்கொள்வேன்.