முதலிடம் போனவருக்கு ஏன் குறைந்த போனஸ்? அமெரிக்க பேஸ்பால் டிராஃப்ட் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2024 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக எடுக்கப்பட்ட டிராவிஸ் பஸானாவுக்கு கிளீவ்லாந்து அணி தந்த சைனிங் போனஸ், அதாவது கையெழுத்திடுவதற்கான தொகை, 89 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அடுத்து போன சேஸ் பர்ன்ஸ், சார்லி காண்டன் இருவரும் ஆளுக்கு 92 லட்சத்து 50 ஆயிரம் வாங்கினார்கள். முதலிடத்துக்கு மதிப்பு குறைந்துவிட்டதா?

பதில்: மதிப்பு குறையவில்லை. அந்த ஆண்டு முதலிடத்துக்கு மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) நிர்ணயித்த ஸ்லாட் தொகை, அதாவது அந்தத் தேர்வு இடத்துக்குக் குறித்த தொகை, 1 கோடியே 5 லட்சத்து 70 ஆயிரத்து 600 டாலர். இரண்டாமிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் படிப்படியாக அதைவிடக் குறைவு. ஆனால் ஸ்லாட் தொகை ஓர் ஆட்டக்காரருக்கான விலை இல்லை. முதல் 10 சுற்றுகளில் ஓர் அணிக்கு இருக்கும் எல்லாத் தேர்வுகளின் ஸ்லாட் தொகைகளையும் கூட்டினால் வருவதே அந்த அணியின் போனஸ் பூல். அந்தப் பணத்தை யாருக்கு எவ்வளவு பிரிப்பது என்பது அணியின் விருப்பம். முதல் ஆளிடம் 16 லட்சம் மிச்சம் பிடித்தால், கல்லூரிக்குப் போகிறேன் என்று பயமுறுத்தும் பள்ளி மாணவர் ஒருவரைப் பின்சுற்றில் அந்தப் பணத்தால் இழுத்துவிடலாம்.

2012இல் இந்த முறை வந்த முதல் ஆண்டே ஹூஸ்டன் இதைச் செய்து காட்டியது. பலரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பிட்சர் (பந்தெறிபவர்) மார்க் அப்பெல் முதலில் போவார் என்று எதிர்பார்த்திருக்க, ஹூஸ்டன் போர்ட்டோ ரிக்கோவின் ஷார்ட்ஸ்டாப் (களத்தடுப்பு ஆட்டக்காரர்) கார்லோஸ் கொரெயாவை எடுத்தது. ஸ்லாட் 72 லட்சம். கொரெயா கையெழுத்திட்டது 48 லட்சத்துக்கு. மிச்சமான 24 லட்சம் 41ஆவது தேர்வான லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சமும், நான்காம் சுற்றில் ரியோ ரூயிஸுக்கு 18 லட்சத்து 50 ஆயிரமும் தர உதவியது. கொரெயாவும் மெக்கல்லர்ஸும் 2017இல் உலகத் தொடரை வென்ற ஹூஸ்டன் அணியில் இருந்தார்கள்.

பிட்ஸ்பர்க் 2021இல் செய்ததும் இதே கணக்குதான். கேட்சர் ஹென்றி டேவிஸை 84 லட்சம் சொச்சம் ஸ்லாட் கொண்ட முதலிடத்தில் எடுத்து 65 லட்சத்துக்கு முடித்தது. பிறகு 72ஆவது தேர்வில், கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ஃபுட்பாலும் ஆடப் போவதாக இருந்த பப்பா சாண்ட்லருக்கு 30 லட்சம் கொடுத்தது. அந்த இடத்தின் ஸ்லாட் 10 லட்சத்துக்கும் கீழே.

ஆட்டக்காரர் ஏன் சம்மதிக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் ஒப்பிடுவது முதலிட ஸ்லாட்டோடு அல்ல. இந்த அணி விட்டுவிட்டால் அடுத்து எடுக்கும் அணி உண்மையில் எவ்வளவு தரும் என்பதோடு. ஐந்தாவது இடம்வரை சறுக்கும் அபாயம் உள்ளவருக்கு முதலிடத்தில் குறைத்துத் தரும் தொகைகூட லாபம்தான். அப்பெல் அந்த ஆண்டு எட்டாவது இடம்வரை சறுக்கினார். பிட்ஸ்பர்க் 38 லட்சம் கொடுக்க முன்வந்தும் மறுத்துக் கல்லூரிக்குத் திரும்பினார். மறு ஆண்டு ஹூஸ்டனே அவரை முதலிடத்தில் எடுத்து 63 லட்சத்து 50 ஆயிரம் தந்தது. அவருடைய துணிச்சல் அந்த முறை பலித்தது. ஆனால் நான்காம் ஆண்டு மாணவராக முதலிடம் போவது அபூர்வம். அதை வழிகாட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பூலைத் தாண்டிச் செலவு செய்தால் என்ன ஆகும்? பணக்கார அணிகள் அபராதம் கட்டிவிட்டுப் போக முடியாதா?

பதில்: பூலுக்கு மேல் 5 சதவீதம்வரை போகலாம், தாண்டிய தொகைக்கு 75 சதவீதம் வரி. அதற்கு மேல் ஒரு டாலர் போனாலும் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு பறிபோகும். 10 சதவீதத்தைக் கடந்தால் 100 சதவீத வரியோடு முதல் இரண்டு சுற்றுகளும், 15 சதவீதத்தைக் கடந்தால் இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுகளும் போகும். வரியைக் கட்டப் பல அணிகள் தயங்குவதில்லை. தேர்வை இழக்க எந்த அணியும் துணிந்ததில்லை. அதனால் 105 சதவீதம் என்பதே உண்மையான சுவர்.

ஒரு மாதிரிக் கணக்கு: பூல் 1 கோடி. முதல் தேர்வில் 12 லட்சம் மிச்சம். ஏழாம் சுற்றிலிருந்து பத்தாம் சுற்றுவரை தலா 2 லட்சம் ஸ்லாட் உள்ள நான்கு இடங்களில் கல்லூரி நான்காம் ஆண்டு மாணவர்களை ஆளுக்கு 10 ஆயிரத்துக்கு எடுத்தால் இன்னும் 7 லட்சத்து 60 ஆயிரம். 5 சதவீத அனுமதி 5 லட்சம். ஆக 24 லட்சத்து 60 ஆயிரம் கையில் இருக்கிறது. மூன்றாம் சுற்றில் 8 லட்சம் ஸ்லாட் உள்ள இடத்தில் ஒரு பள்ளி மாணவருக்கு 32 லட்சத்து 60 ஆயிரம்வரை பேசலாம். வரியாகக் கூடுதலாகக் கட்ட வேண்டியது 3 லட்சத்து 75 ஆயிரம் மட்டுமே.

இந்தக் கணக்கு எங்கே உடையும்? முதல் 10 சுற்றுகளில் ஒருவர் கையெழுத்திடாவிட்டால் அவருடைய ஸ்லாட் முழுவதும் பூலிலிருந்து கழிந்துவிடும். மிச்சம் பிடித்த பணமும் அதோடு போய்விடும். நான்காம் ஆண்டு மாணவர் ஒருவர் கைவிட்டால் சிறு இழப்பு. முதல் தேர்வே கைவிட்டால் கட்டிய சீட்டுக்கட்டு வீடு மொத்தமும் சரியும்.

கேள்வி: இடத்தை வேறு அணிக்கு விற்றுவிட்டு நகர முடியாதா, அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் செய்வதுபோல?

பதில்: முடியாது. வருவாயும் சந்தையும் சிறிதாக உள்ள அணிகளுக்குத் தரப்படும் ‘காம்பெடிட்டிவ் பேலன்ஸ்’ தேர்வுகளை மட்டுமே கைமாற்றலாம். பேரம் பேச மிச்சமிருக்கும் ஒரே கருவி போனஸ் பணம் என்பதால்தான் இந்தக் கணக்குகள் இவ்வளவு நுணுக்கமாகிவிட்டன.

கேள்வி: மகன் உயர்நிலைப் பள்ளிக் கடைசி ஆண்டில் பிட்சர். ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போக ஒப்புக்கொண்டிருக்கிறான். வரும் ஸ்கவுட்கள் (அணிகளுக்காக இளம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்ப்பவர்கள்) எல்லோரும் “உங்கள் நம்பர் என்ன?” என்று கேட்கிறார்கள். எவ்வளவு சொல்வது? உயர்த்திச் சொன்னால் விட்டுவிடுவார்களோ?

பதில்: “நம்பர்” என்றால், எவ்வளவு கிடைத்தால் கல்லூரியை விட்டுவிட்டுக் கையெழுத்திடுவான் என்ற தொகை. அதைச் சந்தையிலிருந்து எடுக்காமல் உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து எடுங்கள். மகன் கல்லூரிக்குப் போனால் உங்கள் பையிலிருந்து உண்மையில் எவ்வளவு செலவாகும், மூன்று ஆண்டு கழித்து அவன் நிலை மேம்படுமா, தோள் அல்லது முழங்கையில் காயம் வந்தால் என்ன மிஞ்சும் என்ற மூன்றையும் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பேச்சில் மகனும் இருக்க வேண்டும். ஆடப் போவது அவன்.

பிறகு கையில் நிற்கும் தொகையைப் பாருங்கள். பெரிய போனஸின் மேல்பகுதிக்குக் கூட்டாட்சி வருமான வரி 37 சதவீதம்வரை போகும். டெக்ஸஸ், ஃப்ளோரிடா குடும்பங்களுக்கு மாநில வருமான வரி இல்லை; கலிஃபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3 சதவீதம். பேரத்துக்கு உதவும் ஆலோசகரின் கட்டணம் தனி. இது எல்லாம் போக மிச்சமாகும் பணத்தில்தான் பல ஆண்டுகளை ஓட்ட வேண்டியிருக்கும். மேஜர் லீக்குக்குக் கீழேயுள்ள மைனர் லீக்கில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2023 ஒப்பந்தப்படி மிகக் கீழ் நிலையில் 19,800 டாலர், மேல் நிலைகளான டபுள்-ஏயில் 30,250, டிரிபிள்-ஏயில் 35,800 என்று இருந்தது.

போனஸோடு கல்லூரிச் செலவையும் எழுதிக் கேளுங்கள். ஆட்டத்தை விட்ட பிறகு அணி படிக்க வைக்கும் ‘ஸ்காலர்ஷிப் பிளான்’ ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். எத்தனை செமஸ்டர், ஒரு செமஸ்டருக்கு எவ்வளவு என்று எண்ணாகவே. வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. ஆட்டத்தை விட்டு இரண்டு ஆண்டுக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்பதையும் மகனுக்குச் சொல்லி வையுங்கள்.

உயர்த்திச் சொல்வது தவறில்லை. மாற்றி மாற்றிச் சொல்வதுதான் கெடுக்கும். அணிகள் டிராஃப்டுக்கு முன்பே பூலைப் பிரித்துத் திட்டம் போட்டு வைத்திருக்கும். ஏப்ரலில் 15 லட்சம் என்றவர் தேர்வான பிறகு 22 லட்சம் கேட்டால், அந்த 7 லட்சம் வேறொரு பையனின் பங்கிலிருந்து வர வேண்டும். பெரும்பாலும் வராது. அதனால்தான் ஸ்கவுட்கள் நேர்மையான குடும்பங்களை விரும்புகிறார்கள். நம்பர் உயரமாக இருந்தால் டிராஃப்டில் விட்டுவிடுவார்கள். அப்போது கல்லூரி காத்திருக்கிறது. உண்மையான தொகையைச் சொல்லிவிட்டு எடுக்கப்படாமல் போவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பொய்யாகக் குறைத்துச் சொல்லி, எடுத்த பிறகு சிக்கிக்கொள்வதுதான் நஷ்டம்.

டிராஃப்ட் நாளில் தொலைபேசி வரும்: “அடுத்த தேர்வில் இந்தத் தொகை, சரியா?” பதில் சொல்ல ஒரு நிமிடம்கூட இருக்காது. யார் பேசுவார், எந்தத் தொகைக்குக் கீழே “வேண்டாம்” என்று முன்பே காகிதத்தில் எழுதி வைத்திருங்கள்.

ஆலோசகரை அமர்த்தும் முன் மகன் போகவிருக்கும் கல்லூரியின் விதிமுறைப் பிரிவில் கேட்டுவிடுங்கள். கல்லூரி ஆட்டத் தகுதியைக் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில் எளிது. கல்லூரித் தகுதி போனால் பேரத்தில் உங்கள் பக்கம் இருந்த பலமும் போய்விடும்.

நான்கு ஆண்டுக் கல்லூரியில் சேர்ந்தால், மூன்றாம் ஆண்டு முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை மறுபடி டிராஃப்டில் வர முடியாது. அந்தத் தேதிகளை மகனின் பிறந்த நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; இரண்டாம் ஆண்டிலேயே தகுதி வருபவருக்குப் பேரத்தில் ஓர் ஆண்டு கூடுதலாகக் கையிருப்பு. அப்படியே நான்காம் ஆண்டை முடித்தவரிடம் ஒன்றும் இல்லை. போக வேறு இடமில்லை என்று அணிக்குத் தெரியும். முன்னே சொன்ன 10 ஆயிரம் டாலர் ஒப்பந்தங்கள் அங்கேதான் பிறக்கின்றன. எங்களுக்கு இந்த அமைப்பில் மிகவும் உறுத்துவது அதுதான்.

கேள்வி: எடுத்த பிறகு மருத்துவப் பரிசோதனையில் கோளாறு தெரிந்தால் அணி பின்வாங்கலாமா?

பதில்: 2014இல் ஹூஸ்டன் முதலிடத்தில் எடுத்த இடக்கை பிட்சர் பிராடி ஐக்கனோடு 65 லட்சத்துக்குப் பேசி முடித்திருந்தது. முழங்கைத் தசைநாரில் சந்தேகம் என்று தொகையை 31 லட்சமாக இறக்கியது. கையெழுத்திடுவதற்கான கெடு நாளில் 50 லட்சம்வரை ஏற்றியது. ஒப்பந்தம் ஆகவில்லை. அவரிடம் மிச்சம் பிடித்த பணத்தில் ஐந்தாம் சுற்று பிட்சர் ஜேக்கப் நிக்ஸுக்குச் சொல்லியிருந்த 15 லட்சமும் அத்தோடு போனது. எந்தத் தப்பும் செய்யாத பையனின் ஒப்பந்தம் வேறொருவரின் முழங்கையால் உடைந்தது. இந்த ஒரு சம்பவத்தை மனதில் வைத்தாலே பூல் எப்படி இயங்குகிறது என்று புரிந்துவிடும்.

ஐக்கனுக்கு 2015 மார்ச்சில் முழங்கைத் தசைநாரைச் சீரமைக்கும் டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டே கிளீவ்லாந்து அவரை 17ஆவது இடத்தில் எடுத்தது. முதல் சுற்றில் ஆளை இழந்த அணிக்கு மறு ஆண்டு ஓர் இடம் தள்ளி ஈட்டுத் தேர்வு கிடைக்கும் என்பதால் ஹூஸ்டனுக்கு 2015இல் இரண்டாமிடம் வந்தது. அதில் அலெக்ஸ் பிரெக்மனை எடுத்தது. பின்வாங்கும் துணிச்சல் அணிக்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுவே விடை. நான்காம் சுற்றிலிருந்து இந்த ஈடு கிடையாது.

இப்போது ஒரு பாதுகாப்பு இருக்கிறது: டிராஃப்டுக்கு முன்னான மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டவருக்கு எடுத்த அணி ஸ்லாட் தொகையில் குறைந்தது 75 சதவீதம் தர முன்வர வேண்டும். 2021இல் குமார் ராக்கர் முன்பரிசோதனைக்கு ஸ்கேன் கொடுக்கவில்லை. பத்தாவது இடத்தில் எடுத்த நியூயார்க் மெட்ஸ் 60 லட்சத்துக்குப் பேசியும், பிறகு தோள், முழங்கை நிலையைப் பார்த்து எதுவும் தராமல் விட்டுவிட்டது. மறு ஆண்டு டெக்ஸஸ் அவரை மூன்றாமிடத்தில் எடுத்து, ஸ்லாட்டுக்கு வெகு கீழே 52 லட்சம் தந்தது. அங்கே மிச்சமானது நான்காம் சுற்று பிட்சர் பிராக் போர்ட்டருக்குக் கொடுத்த 37 லட்சத்துக்குக் கைகொடுத்தது. காயத்தை மறைக்க விரும்பும் குடும்பங்கள் இந்த 75 சதவீதத்தைத் தூக்கி எறிகிறார்கள் என்பதை உணர வேண்டும்.

கேள்வி: பெயர்பெற்ற பள்ளி ஆட்டக்காரர்கள் சிலர் 18ஆம், 20ஆம் சுற்றில் எடுக்கப்படுகிறார்கள். கையெழுத்திடவும் மாட்டார்கள். வீணான தேர்வுதானே?

பதில்: பத்தாம் சுற்றுக்குப் பிறகு எடுத்தவர் கையெழுத்திடாவிட்டால் பூலில் ஒன்றும் குறையாது. 1 லட்சத்து 50 ஆயிரம்வரை தந்தாலும் பூலில் சேராது. அதைத் தாண்டும் தொகை மட்டுமே சேரும். அதனால் 11ஆம் சுற்று முதலே அணிகள் மாற்று ஆட்களைப் பிடித்து வைக்கின்றன. மூன்றாம் சுற்றுப் பையனுக்கு ஒதுக்கிய 20 லட்சம் அவன் மறுத்ததால் மிஞ்சினால், அவன் ஸ்லாட் கழிந்தது போக எஞ்சிய பணத்தோடு 18ஆம் சுற்றுப் பையனைக் கெடுவுக்கு முன் கூப்பிடுவார்கள். அழைப்பு பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று நாட்களில்தான் வரும்.