கெர்னல் கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸ் கெர்னலை நானே கம்பைல் செய்கிறேன். யூஎஸ்பி வைஃபை டாங்கிளுக்காக டாட் கான்ஃபிக் கோப்பில் (கெர்னலில் எதெல்லாம் சேரவேண்டும் என்ற பட்டியல்) அதன் டிரைவரான ஏடிஎச்9கே_எச்டிசி ஆப்ஷனுக்கு 'ஒய்' (கெர்னலுக்குள்ளேயே சேர்) என்று எழுதி மேக் (கம்பைல் செய்யும் கட்டளை) கொடுத்தால், அந்த வரியே காணாமல் போகிறது. ஏன்?

பதில்: கையால் எழுதியதை மேக் அப்படியே நம்பாது, முதலில் ஆப்ஷன்களின் நிபந்தனைகள் இருக்கும் கேகான்ஃபிக் கோப்புகளோடு ஒத்துப் பார்க்கும். அங்கே உங்கள் டிரைவருக்கு யூஎஸ்பியும் வேண்டும், மேக்80211-ம் (கெர்னலின் பொதுவான வைஃபை பகுதி) வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் உங்கள் வரி அவுட், அதுவும் சத்தமே இல்லாமல். மேக்80211 'எம்' (பிறகு ஏற்றிக்கொள்ளும் தனி மாட்யூல்) என்றிருந்தால் உங்கள் 'ஒய்'யும் 'எம்' ஆக இறங்கிவிடும், ஏனென்றால் பின்னால் ஏற்றப்போகிற மாட்யூலில் இருக்கும் ஃபங்ஷனை நம்பி கெர்னலை லிங்க் செய்ய முடியாது இல்லையா? மெனுகான்ஃபிக்கில் (ஆப்ஷன்களை மெனுவாகக் காட்டும் கருவி) சாய்கோட்டை (/) அழுத்தி டிரைவர் பெயரைத் தேடுங்கள், எந்த நிபந்தனை 'என்' (வேண்டாம்) என்று நிற்கிறது என்பது அங்கேயே தெரியும்.

சரி, இந்த ஒற்றை எழுத்து எப்படி கோடைத் தேர்ந்தெடுக்கிறது? மேக் படிக்கும் மேக்ஃபைலில் 'ஆப்ஜ்-' என்பதற்குப் பின்னால் ஆப்ஷனின் மதிப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆப்ஜ்-ஒய் ஆனால் கெர்னலுக்குள் போகும், ஆப்ஜ்-எம் ஆனால் தனி .கேஓ கோப்பு, மதிப்பே இல்லையென்றால் வெறும் 'ஆப்ஜ்-', அந்தப் பட்டியலை யாரும் சட்டை செய்வதில்லை. ஒரு இஃப் கூட எழுதாமல் வேலையை முடித்திருக்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த தந்திரம் இது. ஒரே கோப்புக்குள் பாதி வேண்டும் பாதி வேண்டாம் என்றால்தான் இஃப்டெஃப் (ஆப்ஷன் இல்லையென்றால் அந்தப் பகுதியை வெட்டிவிடும் வரி) வரும். அதில் ஒரு சங்கடம், வெட்டிய பகுதியை கம்பைலர் பார்ப்பதே இல்லை என்பதால் உள்ளே தப்பு இருந்தாலும் வேறொருவர் அந்த ஆப்ஷனைப் போடும்வரை வெளியே வராது. அதனால்தான் முடிந்த இடத்தில் 'இஸ்_எனேபிள்ட்' எழுதச் சொல்கிறார்கள், கம்பைலர் படித்துச் சரிபார்த்துவிட்டு அப்புறம் தூக்கிப்போடும்.

கேள்வி: என் ரூட் பார்ட்டிஷனின் ஃபைல்சிஸ்டமான எக்ஸ்ட்4-ஐ 'எம்' ஆக்கினேன், இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் மெமரியில் ஏறும் சின்ன ஃபைல்சிஸ்டம்) வைத்துக்கொள்ளவில்லை. ரூட் மவுன்ட் ஆகவில்லை என்று பேனிக் (கெர்னல் அப்படியே நின்றுவிடுவது) வருகிறது.

பதில்: வராமல் என்ன செய்யும்? அந்த மாட்யூல் இருப்பதே எக்ஸ்ட்4 பார்ட்டிஷனுக்குள்தானே. 'ஒய்' போடுங்கள், கூடவே டிஸ்க் டிரைவருக்கும், என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் அதன் டிரைவருக்கும்.