கம்பி வலை ஃபில்டரில் போர்-ஓவர் காபி: கேட்டதும் சொன்னதும்

பாலக்கோடு: எவர்சில்வர் கூம்பு ஃபில்டர் வாங்கினேங்க. காபி நல்லாத்தான் இருக்கு, ஆனா டம்ளர் அடியில ஒரு விரல்கடை மண்டி. வலை ஓட்டையா?

கூம்பில் தூளைப் போட்டு மேலிருந்து வெந்நீரை ஊற்றி இறக்குவதுதான் போர்-ஓவர். உங்கள் வலையில் குறையில்லை, தூளில்தான். கடைகளில் டிகாக்‌ஷனுக்கென்று அரைத்துத் தரும் நைஸ் தூள் இதற்கு ஆகாது. தாள் ஃபில்டர் பிடித்துவைக்கும் நுண்தூளைக் கம்பி வலை அப்படியே கீழே விட்டுவிடும். உப்புமா ரவை பருமனுக்குக் கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் மிக்ஸிதான் என்றால் தொடர்ந்து ஓட்டாமல் இரண்டிரண்டு விநாடியாக ஆறேழு தடவை விட்டுவிட்டு அரைத்து, மாவு சல்லடையில் சலியுங்கள். கீழே விழும் பொடியை வீண் செய்ய வேண்டாம், வழக்கமான ஃபில்டருக்குப் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவு செய்தும் கொஞ்சம் வண்டல் இருக்கவே செய்யும். இரண்டு நிமிடம் தெளியவிட்டு, கடைசி வாயை விட்டுவிடுங்கள்.

ஓசூர்: ரவை பதத்துக்குத்தான் அரைக்கிறேன் சார். ஒரே நிமிஷத்துல தண்ணி இறங்கிடுது, காபி சப்புன்னு இருக்கு.

தண்ணீரைச் சுவரோரமாக ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கூம்பின் பக்கமெல்லாம் துளைதானே. ஓரத்தில் விழும் தண்ணீர் தூளைத் தொடாமலே வெளியேறிவிடும். மட்டம் மேலே ஏற ஏற இந்தக் கசிவு கூடும். அதனால் நடுவில், சிறு வட்டமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

அளவு: 15 கிராம் தூளுக்கு 240 மில்லி தண்ணீர். தராசு இல்லையென்றால் தலைதட்டி மூன்று மேசைக்கரண்டி. முதலில் கூம்பில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள், சூடேறாத எவர்சில்வர் தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். தூளைப் போட்டு, தட்டிச் சமன்செய்து, 40 மில்லி ஊற்றி 40 விநாடி பொறுங்கள். புதிதாய் வறுத்த தூள் என்றால் உப்பிக் குமிழி விடும். அந்தக் காற்று போனால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். பிறகு 70, 70, 60 என்று மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் முக்கால்வாசி இறங்கியபின் அடுத்தது. மொத்தம் மூன்று நிமிடத்தை ஒட்டி முடிய வேண்டும். இரண்டுக்குள் முடிந்தால் அரைப்பை ஒரு படி நைஸாக்குங்கள், நான்கைத் தாண்டிக் கசந்தால் கொரகொரப்பாக்குங்கள். அரைப்பையும் ஊற்றும் விதத்தையும் ஒரே நாளில் மாற்றிக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஓசூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆறவிடாமல் அப்படியே ஊற்றலாம். கருக வறுத்த கொட்டைக்கு மட்டும் அரை நிமிடம் பொறுங்கள்.

பென்னாகரம்: எங்க வீட்ல போர் தண்ணிதான். நல்லா கொதிக்க வெச்சா போதுங்களா?

போதாது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; கொதிக்கவைத்தால் அது போகாது, தண்ணீர் சுண்டச்சுண்ட அடர்த்திதான் கூடும். 2013-இல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காக வந்ததுதான். அந்தக் குழாய்த் தண்ணீர் வந்தால் அதையே காபிக்கும் எடுங்கள்.

சுவைக்கணக்கு தனி. உப்புத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் காபியின் புளிப்பை அமுக்கிவிடும், எந்தக் கொட்டை போட்டாலும் ஒரே மாதிரி மந்தமாக இருக்கும். ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் கவனிக்க: சில மெஷினில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) கூட்டும் திருகு இருக்கும். அது ஆர்.ஓ. சவ்வு வழியாகப் போகாத போர் தண்ணீரைத்தான் கலக்கிறது, கூடவே ஃபுளோரைடும் வரும். ஃபுளோரைடு உள்ள ஊரில் அதை மூடியே வையுங்கள். காபி கொஞ்சம் மெலிந்தால் ஒரு கிராம் தூள் கூட்டிக்கொள்ளலாம்.

கிருஷ்ணகிரி: சிக்கரி கலந்த தூள் போடலாமா? பால் ஊத்திக் குடிக்கணும்.

வேண்டாங்க. சிக்கரி ஊறிக் கொழகொழவென்று வலையை அடைக்கும், தண்ணீர் மேலேயே நிற்கும். பால் காபிக்கு நம் ஊர் ஃபில்டரை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. போர்-ஓவர் பாலில்லாமல் குடிப்பதற்கு.

அரூர்: எந்தக் கொட்டை?

மிதமாக வறுத்த அரபிகா, சிக்கரி இல்லாமல். பக்கத்திலேயே ஏற்காடு இருக்கிறது. வறுத்த தேதி போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தருமபுரி: அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் இருக்குங்க. இது குடிக்கலாமா?

காபி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டக்கூடியது. தாள் அதைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும், உலோக வலை விட்டுவிடும். அவருக்கு மட்டும் அதே கூம்புக்குள் தாள் ஃபில்டர் ஒன்றைச் செருகி இறக்கிக் கொடுங்கள். தினம் எத்தனை டம்ளர் என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்பது நல்லது.

காவேரிப்பட்டினம்: வலை அடைச்சுக்கிச்சு. பித்தளை ஃபில்டரை அடுப்புல காட்டுற மாதிரி காட்டலாமா?

கூடாது. இரட்டை வலையில் உள்வலை தலைமுடி மாதிரி மெல்லிசு, தீயில் நெளிந்துவிடும். கம்பி நாரும் வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பழுப்பாக, பிசுபிசுப்பாக அடைத்திருந்தால் காபி எண்ணெய்: அரை லிட்டர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா, அரைமணி ஊறல். வெள்ளைப் பொருக்கு என்றால் தண்ணீர் உப்பு: அதற்கு ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று முறித்துவிடும், தனித்தனியாகச் செய்யுங்கள். பிறகு பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகக் குழாயைத் திறந்துவிடுங்கள். தினமும் சக்கை காய்வதற்குள் கழுவினால் இது மாதம் ஒருமுறை போதும்.

ஓசூர்: வாத்துக்கழுத்து கெட்டில் கட்டாயமா?

இல்லை. மூக்கு வைத்த சின்னப் பாத்திரம் எதுவும் போதும். மெல்லிய தாரையாக ஊற்ற வந்தால் சரி.