பொறுமைப் பட்டம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவின் கருப்பினக் கத்தோலிக்கக் கன்னியர், அதாவது துறவறப் பெண்கள், பற்றி எங்கள் பங்குக் கோயில் மலருக்கு எழுதிய கட்டுரையை இணைத்திருக்கிறேன். வெள்ளையர் துறவு சபைகள் பலவும் இவர்களைச் சேர்க்க மறுத்தன. தனிச் சபை கண்டபோதும் அவமானம்தான். அதனால் ‘பொறுமையின் சிகரங்கள்’ என்று முடித்தேன். ஒரு கேள்வி: இவ்வளவுக்குப் பிறகும் ஏன் திருச்சபையை விட்டுப் போகவில்லை?

ஆ.

அன்புள்ள ஆ,

படித்தேன். உழைப்பு தெரிகிறது, சந்தோஷம். ஆனால் கடைசி வரியில் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அடிபட்டவருக்கு நாம் உடனே கொடுப்பது இந்தப் பொறுமைப் பட்டம்தான். அடித்தவருக்கும் அது சௌகரியம்.

சில நாட்களாக மேரி லாங்கின் ஒரு கடிதம் என் நினைப்பிலேயே இருக்கிறது. 1829இல் பால்டிமோரில் ஒப்லேட் சிஸ்டர்ஸ் ஆஃப் ப்ராவிடன்ஸ் என்ற கருப்பினக் கன்னியர் சபையைத் தொடங்கியவர். மேரிலாண்ட் அப்போது அடிமைமுறை மாநிலம். 1835இல் அங்கிருந்த, குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தின் வீட்டு வேலைகளைக் கவனிக்கச் சகோதரிகளைக் கேட்டார்கள். லாங்க் மறுக்கவில்லை, நிபந்தனை போட்டார். மற்ற வேலையாட்களோடும் வெளியாட்களோடும் புழக்கம் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்றார். காரணத்தையும் மறைக்கவில்லை: நாங்கள் கருப்பினத்தவர், கூடவே துறவியர், ஆணவமாகத் தெரியாமலும், எங்கள் துறவு நிலைக்குள்ள மரியாதை குறையாமலும் நடக்கப் பார்க்கிறோம் என்று எழுதினார். கவனியுங்கள், யாரிடம் பேசுகிறார்? குருமடத்து அதிபரிடம். எழுதுபவர் வெளிநாட்டிலிருந்து வந்த கருப்பினப் பெண். அடுப்படி வேலைக்கு வருகிறோம், ஆனால் கன்னியராகத்தான் வருவோம் என்று தேதி போட்டு எழுத்தில் வைத்துவிட்டார். இதில் எங்கே இருக்கிறது நீங்கள் சொன்ன சிகரம்? ஒப்பந்தம் பேசுகிற கறார் அல்லவா இது!

நியூ ஆர்லியன்ஸின் ஹென்ரியெட் தெலீலையும் அப்படித்தான் கரைத்துவிட்டீர்கள். 1842இல் சபை கண்டவர் 1862இல் இறந்தார். அவருடைய சகோதரிகள் துறவு உடை அணிந்ததோ 1872இல். ‘தாமதமானது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தானாகவா தாமதமானது? தடுத்தவர்களை எழுதுங்கள்.

நம்மூர்க் கோயில்களின் சாதியை ஒரு பத்தியில் திணித்ததும் வேண்டாம். அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

அப்புறம், ஏன் போகவில்லை என்ற கேள்வி. அவர்கள் ஏன் போக வேண்டும்?

கருப்பினக் கன்னியர் தியா போமேனுக்கு இரண்டு பக்கம் அதிகம். 1989இல் புற்றுநோயோடு அமெரிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) முன் அமர்ந்து பாடியது பலரும் எழுதியதுதான். பாதியாக்கி, தெரேசா மாக்சிஸுக்கு இடம் விடுங்கள். லாங்கோடு சேர்ந்து தொடங்கிய நால்வரில் ஒருவர். வெளிர் நிறத்தவர். 1845இல் மிச்சிகனில் மாசற்ற இருதய மரியாள் ஊழியர் சபையை நிறுவியவர்களில் ஒருவரும் இவரே. ஆயர்களோடு ஏற்பட்ட பிணக்கில் ஒட்டாவாவில் பல ஆண்டுகள் வேறொரு சபையின் மடத்தில் தங்கி, 1885இல்தான் தன் சபைக்குத் திரும்பினார். அவர் இறந்த பிறகும் நெடுங்காலம் அவருடைய கருப்பின வேரைச் சபையே வெளியே சொல்லவில்லை. இன்று அவர்களே அதை எழுதுகிறார்கள், தேடினால் கிடைக்கும்.

மலர் எப்போது அச்சுக்குப் போகிறது? திருத்தியதும் அனுப்புங்கள்.