பக்கத்து வயலில் களைக்கொல்லி அடித்தால் நம் மரச்சீனி (மரவள்ளி) இலை ஏன் சுருளுகிறது?

களைக்கொல்லி என்பது செடியின் வளர்ச்சியைக் குலைக்கும் மருந்து. நெல்வயலில் அடிக்கும் 2,4-டி, செடிக்குள் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனைப் போலவே நடிக்கும். சொந்த ஹார்மோனை வேலை முடிந்ததும் செடி சிதைத்துவிடும். இதை அப்படிச் சட்டென்று சிதைக்க முடியாது. கைப்பிடி உடைந்து மூடமுடியாமல் போன தண்ணீர்க் குழாய் மாதிரிதான். தண்டு முறுக்கும், கொழுந்து கிண்ணம்போலக் குழியும், நரம்புகள் நெருங்கி இலை ஒடுங்கும்.

கிளைபோசேட் வேறு ரகம். புரதம் கட்டத் தேவையான சில அமினோ அமிலங்கள் உருவாவதைத் தடுக்கும். கொழுந்து வெளுத்துச் சிறுக்கும். ரப்பர் கன்றின் பச்சைத் தண்டில் பட்டாலே உள்ளே போய்விடும், முற்றிய பட்டை ஓரளவு தடுக்கும்.

குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் தெளித்தால் துளி பக்கத்து வயலுக்குப் பறக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

'களைக்கொல்லி களையை மட்டுந்தான் கொல்லும்' என்பது தவறு: 2,4-டியை நெல் ஓரளவு தாங்கும், ஆனால் அகன்ற இலைக் களையும் மரச்சீனியும் அதற்கு ஒன்றுதான்.