ரோமானிய வீட்டு முகங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரோமானிய முதியவர்களின் பளிங்குத் தலைச்சிற்பங்களைப் படங்களில் பார்த்தேன். வழுக்கை, ஒட்டிய கன்னம், ஆழ்ந்த சுருக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கிரேக்கச் சிற்பங்களின் எழிலை அறிந்தவர்கள் தங்கள் குடும்பத்துப் பெரியவர்களை ஏன் இப்படிச் செதுக்கச் சொன்னார்கள்? இவை இறந்தவர் முகத்தில் அச்செடுத்துச் செய்தவையா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் பார்த்தவை சிற்பியின் உளி செதுக்கிய முகங்கள். அச்சில் வார்த்தவை அல்ல. இந்தக் குழப்பம் நேர்வதற்குக் காரணம், ரோமானிய உயர்குடி வீடுகளில் இருந்த ‘இமாகோ’ என்னும் மெழுகு முகம். ஈடில் என்னும் நகர நிர்வாகப் பதவியோ அதற்கு மேற்பட்ட பதவியோ வகித்த முன்னோர்களின் மெழுகு முகங்களை வீட்டின் முன்கூடத்தில் மரப்பேழைகளில் வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை.

கி.மு. 167இல் பிணைக்கைதியாக ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், இம்முகங்கள் வெளியே வரும் நாளை விவரித்திருக்கிறார். குடும்பத்தில் புகழ்பெற்ற ஒருவர் இறந்தால், முன்னோர்களை உயரத்திலும் உடலமைப்பிலும் ஒத்தவர்கள் அம்முகங்களை அணிந்து, கன்சல் என்னும் தலைமை ஆட்சியாளராக இருந்தவருக்கு ஊதாக் கரையிட்ட ஆடை, சென்சார் என்னும் குடிமக்கள் கணக்கெடுப்பு அதிகாரியாக இருந்தவருக்கு முழு ஊதா ஆடை, வெற்றி ஊர்வலம் கண்டவருக்குப் பொன்னிழை ஆடை என உடுத்தி, தேர்களில் நகரின் பொதுச் சதுக்கமான மன்றத்துக்கு வந்து யானைத்தந்த நாற்காலிகளில் வரிசையாக அமர்வார்கள். அவர்கள் முன்னிலையில் மகன் மேடையேறி, முதலில் தந்தையின் செயல்களையும், பிறகு மிக மூத்தவர் தொடங்கி ஒவ்வொருவரின் செயல்களையும் சொல்வான். தன் பாட்டனும் முப்பாட்டனும் எதிரே அமர்ந்திருக்கப் பேசும் அந்த இளைஞனை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கான விடையை நான் இங்குதான் காண்கிறேன். படிப்படியாகப் பதவிகளைக் கடந்து, நாற்பது வயதுக்குப் பிறகே கன்சலாகக்கூடிய ஒரு சமூகத்தில், முகச்சுருக்கம் பொதுப்பணியில் கழிந்த ஆண்டுகளுக்குச் சான்றாக இருந்தது. அதை மழித்துவிட்டால் குடும்பம் பெருமையாகக் கருதியதே மறைந்துபோயிருக்கும்.

என்னை இதைவிட ஆழமாகத் தொடுபவை விடுதலை பெற்ற அடிமைகளின் சிற்பங்கள். பொம்பெயியில் கேசிலியஸ் யுகுண்டஸின் வீட்டில், பெலிக்ஸ் என்ற விடுதலை பெற்ற அடிமை தன் தலைவர் லூசியஸுக்காக வைத்த வெண்கலத் தலை கிடைத்தது. கன்னத்து மரு வரை அதில் இருக்கிறது. ரோமானியச் சட்டம் அடிமைக்குத் தந்தையையும் ஏற்கவில்லை, திருமணத்தையும் ஏற்கவில்லை. முன்கூடத்துப் பேழையில் வைக்க முன்னோர் முகம் ஏதும் இல்லாத இம்மனிதர்கள், கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதிவாக்கில், ரோமைச் சுற்றிய சாலையோரக் கல்லறைகளில் தங்கள் முகங்களையே வரிசையாகச் செதுக்கிவைத்தார்கள். அவற்றுள் சிலவற்றில் கணவனும் மனைவியும் வலக்கையோடு வலக்கை கோத்து நிற்கிறார்கள். சிலவற்றில் பெற்றோர் நடுவே ஒரு சிறுவன் இருக்கிறான். அவன் கழுத்தில் புல்லா என்ற பதக்கம் தொங்குகிறது. சுதந்திரனாகப் பிறந்த பிள்ளை அணிவது அது.